அகழிக்குள் சினைப்பசு

எங்கள் மிளகுக் காட்டின் நடுவே மனிதர்கள் குவித்த மண்மேடு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் அகழி. எந்தக் காலத்துத் தலைவன் எழுப்பியதோ. மேலே மரவேலி நட்ட தடயம் கிடைத்தால் கோட்டை என்று உறுதியாகச் சொல்லலாம், திரும்பி வரும்வரை மண்ணில் கை வைக்காதீர்கள் என்றார்கள் போன கோடையில் வந்த ஆய்வாளர்கள். அவர்களை அழைத்து வந்தவள் நான். கை வைக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளும் நான்தான்.

ஆனி மழையில் பலாப்பழம் ஒன்று அகழிக்குள் விழுந்து வெடித்தது. வாசத்துக்கு இறங்கிய சினைப்பசுவால் ஏற முடியவில்லை. அதன் தலையைப் பிடிக்க இறங்கினேன். என்னாலும் முடியவில்லை. கால் வைத்த இடமெல்லாம் செம்மண் வழுக்கிக் கீழேயே கொண்டுவந்து விட்டது. மேலிருந்து பார்த்து இந்த வளைவை எத்தனை முறை அழகு என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். விழுந்தவன் ஏறவே கூடாது என்று யோசித்து யோசித்துச் சரித்த கரை இது. வானம் ஒரு கீற்று. தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

"உன்ற ராசா கெட்டிக்காரன்தான் அம்மிணி," என்றார் மேலே நின்ற அண்ணன். "செத்தும் ஆளப் புடிக்கறான்."

"பேச்சு அப்பறமுங்ணா. கயித்தப் போடுங்க."

"உனக்குப் போடலாம். இதுக்கு?"

வெளிக்கரை பாறை. மேட்டுப் பக்கத்துக் கரையைச் சரிவாக வெட்டினால் பசு மேட்டில் ஏறி, பழைய வாசலில் அகழியைக் கடக்கும் மண்பாதை வழியே இறங்கிவிடும். அண்ணன் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போய் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

கரை அடுக்கடுக்காகத் திறந்தது. சரளை போட்டு இடித்த களிமண், சாம்பல் வரி, பானை ஓடு. பிறகு செம்மண்ணுக்குள் தொடை அகலத்தில் நேராக இறங்கும் ஒரு கறுப்பு. பக்கத்தில் இன்னொன்று. மரவேலிக் கம்பங்கள் மக்கிய குழிகள். ஆய்வாளர்கள் தேடியது இதைத்தான்.

"நில்லுங்ணா."

"என்ன, பாம்பா?"

"இல்லீங்க. ஒதுக்கி வெட்ட முடியுமா?"

"ஒதுக்குனா அங்கயும் பாறைதான். மாடா மண்ணா, சொல்லு கண்ணு."

பசு முன்னங்கால்களை மடித்தது. அதன் வயிற்றில் வைத்திருந்த என் கையைக் கன்று உள்ளிருந்து உதைத்தது.

"வெட்டுங்க."

முதல் கறுப்பு பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தது. பசு அதன்மேல் மிதித்து ஏறியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நானும். இரண்டாவது கறுப்பில் பாதி மிஞ்சியிருந்தது. மழை அதையும் கரைக்கத் தொடங்கியிருந்தது.

"தார்ப்பாய் கொண்டாங்ணா."

"மாட்ட ஊட்ல கட்டிப்போட்டு வாரேன்."

மழை படாமல் முதுகை அந்தக் கறுப்பில் சாய்த்து நின்றேன். மழை வலுத்தது. நான் ஓர் அடி நகர்ந்தாலும் அதுவும் கரைந்து போய்விடும்.