ட்ரேவியில் தமிழ் தெரியாதவனாக நின்றேன்

2006 ஒக்டோபர் கடைசி வாரம் இத்தாலியிலுள்ள ட்ரேவிக்குப் போய்வந்தேன். ரோமில் காசு எறிகிற நீரூற்றுக்கும் இதே பெயர்தான். ஆனால் இது உம்பிரியா மாகாணத்து மலையூர். பீலெஃபெல்டில் நான் வேலை செய்யும் சமையலறைத் தளபாடத் தொழிற்சாலையில் யூர்கன் என் பிரிவுப் பொறுப்பாளர். அவரும் மனைவி ஹெல்காவும் ஒவ்வொரு வருடமும் புது ஒலிவ் எண்ணெய் வாங்க அங்கே போவார்கள். இம்முறை என்னையும் அழைத்தார்கள். ஜேர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்து நான்கு மாதம்தான். உடனே சம்மதித்தேன்.

ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். சனி காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பொல்சானோவில் தங்கி, ஞாயிறு பிற்பகல் இரண்டுக்குச் சேர்ந்தோம். ஒஸ்திரியாவில் கண்ணாடியில் ஒட்டும் பத்துநாள் நெடுஞ்சாலைக் கட்டண வில்லை 7.60 யூரோ; ப்ரென்னர் கணவாய்க்குத் தனியாக 8 யூரோ.

ஊர் நானூறு மீற்றர் உயரத்தில், மதிலுக்குள் சுருண்டு கிடக்கிறது. தெருக்கள் ஒடுக்கம், வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டு நடக்கவேண்டும். மதிலோரம் நின்று பார்த்தால் சமவெளிவரை ஒலிவ் மரங்கள்தான். காற்றடிக்கும்போது இலைகளின் வெள்ளைப் பக்கம் தெரிந்து முழுச் சரிவும் நிறம் மாறும். தங்கிய விடுதியில் சுட்ட பாண் துண்டில் உள்ளியைத் தேய்த்துப் புது எண்ணெய் ஊற்றித் தந்தார்கள். தொண்டையில் மிளகுபோல உறைத்தது.

அன்றிரவு நல்ல மழை. திங்கள் காலை பத்து மணிக்கு எண்ணெய் ஆலைக்கு இறங்கினோம். தோப்புகளுக்குள்ளால் போனால் மூன்று கிலோமீற்றர்தான் என்று யூர்கன் மண்பாதையில் திருப்பினார். வலை விரித்துக் காய் பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கையை ஆட்டியபடி ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும். நான் இருந்த பின் இருக்கைக் கண்ணாடிக்குக் குனிந்தார்.

"அண்ணை, தமிழோ? இந்தப் பாதையாலை போகாதேங்கோ. மழைக்குக் கீழை ஓரம் இடிஞ்சு கிடக்கு."

"என்ன சொல்கிறார்? உனக்குத் தெரிந்த மொழியா?" என்று யூர்கன் திரும்பினார்.

"இல்லை, எனக்கு விளங்கவில்லை" என்றேன்.

ஏன் சொன்னேன்? பதினொரு வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, நான் ஜேர்மனிக்குப் படிக்க வந்தவன் என்று யூர்கனிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவன். முகாமில் இருந்தவன், தஞ்ச விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவன். சேற்றுக் காற்சட்டையோடு நின்ற அந்த மனிதரின் மொழி தெரியும் என்றால் நான் யாரென்பதும் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

யூர்கன் அவருக்குக் கையசைத்துவிட்டு வாகனத்தை எடுத்தார். "நிறுத்துங்கோ" என்ற ஒரு சொல் என் வாயிலேயே இருந்தது. முந்நூறு மீற்றர் போகும்வரை சொல்லவில்லை.

வளைவில் ஓரம் சரிந்தது. முன்சக்கரம் கீழே இறங்க, வாகனம் ஒரு ஒலிவ் மரத்தில் மோதிச் சாய்ந்து நின்றது. முன்னால் இருந்த ஹெல்கா அலறினார். அவர் மணிக்கட்டு முறிந்திருந்தது. முதலில் ஓடிவந்து கதவைத் திறந்தவர் அதே மனிதர். அவர் ஹெல்காவைத் தூக்கி இறக்கி, தன் சட்டையால் கையைக் கட்டிவிட்டார்.

பக்கத்து நகர மருத்துவமனையில் நான்கு மணிநேரம் காத்திருந்தோம். மாவுக்கட்டோடு வந்த ஹெல்கா கேட்டார்: "அவர் உன்னைப் பார்த்துத்தானே பேசினார்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். யூர்கன் எழுந்து வெளியே போய்விட்டார். ஹெல்கா என்னைப் பார்த்தபடி, "நான் முன்னால் இருக்கிறேன் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தாயா?" என்றார்.

செவ்வாய் காலை தனியாக அந்தத் தோப்புக்கு நடந்தேன். அவர் பெயர் அன்ரன், ஊர் மன்னார். நான் வாயைத் திறக்க முன்னமே, "அந்த அம்மாவுக்குக் கை எப்பிடி?" என்று கேட்டார்.

"முறிஞ்சுபோச்சு. தம்பி, நேற்று நான்..."

"உங்களுக்கு விளங்கினது எனக்குத் தெரியும் அண்ணை. பாதை இடிஞ்சு கிடக்கு எண்டு சொன்ன உடனை உங்கடை கண் பாதைக்குத்தான் போனது."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையின் மறு நுனியை நீட்டினார். வேறென்ன செய்வதென்று தெரியாமல் மதியம்வரை அவரோடு காய் பறித்தேன்.

புதன்கிழமை, நெளிந்த முன்பக்கத்தோடு திரும்பினோம். மியூனிக் தாண்டியபின்தான் யூர்கன் வாய் திறந்தார்: "சரி. ஜேர்மனிக்கு எப்படித்தான் வந்தாய்?" கஸ்ஸல் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வேலையிடத்தில் வணக்கம் சொல்கிறார், அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்கு: ஒக்டோபர் கடைசியில் போங்கள், எண்ணெய் அப்போதுதான் புதிது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு நான்கு கிலோமீற்றர் ஏற்றம். மழை பெய்தால் தோப்புப் பாதைகளில் வாகனம் கொண்டுபோகாதீர்கள். யாராவது ஓடிவந்து மறித்தால் நிறுத்தி, என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். விளங்கினால், விளங்கியது என்று சொல்லுங்கள்.