கட்டிலைச் சுற்றிப் போகும் சாலை

அந்த டயாலிசிஸ் மையத்துக்குப் பன்னிரண்டு வேன்கள். பன்னிரண்டாவது வேனை ஓட்டுகிறவளின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். மற்றபடி எல்லோருக்கும் அவள் நிலவரம் அக்கா. காலையில் ஒவ்வொரு நோயாளி வண்டியில் ஏறும்போதும், "நிலவரம் என்ன?" என்று கேட்பாள். தூக்கம் வந்ததா, கால் வீங்கியிருக்கிறதா, வீட்டில் யாருக்கும் தெரியாமல் இரண்டு தம்ளர் தண்ணீர் கூடக் குடித்தாயா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடக்கம். பதில் சொல்ல இழுக்கிறவரைக் கண்ணாடி வழியே ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்கள் என்று மையத்து நர்ஸுகள் சொல்வதுண்டு.

வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நாலு மணி நேரம், ரத்தத்தை இயந்திரத்தில் விட்டு சுத்தம் செய்துகொண்டால்தான் இவர்களுக்கு அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு. ஆகவே வேன் வீட்டைக் கண்டுபிடித்தே தீர வேண்டும். அங்கேதான் வில்லங்கம். அவள் பங்குக்கு வந்தது நகரத்தின் வடக்கு ஓரம். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் தானாக முளைத்த குடியிருப்பு அது. ஒருவர் சுவர் எழுப்பினார், அந்தச் சுவரில் இன்னொருவர் வீட்டை ஒட்டவைத்தார், நடுவில் மிஞ்சியதற்குச் சந்து என்று பெயர். சந்துக்கென்று தனியாகப் பெயர் கிடையாது. வீட்டுக்கு எண்ணும் கிடையாது.

வண்டியில் ஒரு ஜிபிஎஸ் பெட்டி இருந்தது. பதினோரு வயதுப் பெட்டி. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் எப்போதோ உயிரை விட்டதால் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வைத்திருந்தாள். கிடங்குகளைத் தாண்டியதும் திரையில் சாலை நின்றுவிடும். வெறும் வெள்ளையில் அம்புக்குறி மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் நாமாக இடங்களைக் குறித்து வைக்கலாம். ஒரு குறிப்புக்குப் பன்னிரண்டு எழுத்து. அதற்குள் எந்த முகவரி அடங்கும்? அவள் தன் கண்ணில் பட்டதை எழுதினாள். நீல டிரம். ரெண்டு படி. சாயும் கேட்டு. ஹாரன் சத்தம் கேட்ட நொடியில் தும்முகிற ஒருவருக்குத் தும்மல் வீடு. இப்படி இருநூற்றுப் பதினேழு புள்ளிகள்.

அதில் பலர் வேறு ஊருக்கோ வேறு மையத்துக்கோ மாறிவிட்டார்கள்; எண்பத்து மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவர் போனதும் புள்ளியை எடுத்துவிடலாம். பெட்டி கேட்கும்: நீக்கவா? ஆம், இல்லை. பதினோரு வருடத்தில் அவள் விரல் 'ஆம்' பக்கம் போனதே இல்லை. "ஒரு தடவை போனது போதாதா? நான் வேற அனுப்பி வைக்கணுமா?" என்பாள் கணவரிடம். பட்டியலில் அவர்கள் பெயரைத் தாண்டித் தாண்டித்தான் தினமும் அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்தத் தாண்டலில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுற்றறிக்கை வந்தது. பழைய சாஃப்ட்வேருக்கு இனி வரைபடம் வராது, சனிக்கிழமைக்குள் எல்லா வண்டியிலும் புதிய வெர்ஷன் ஏற்ற வேண்டும், சேமித்த இடங்கள் அழிந்துபோகும். மற்றப் பதினோரு ஓட்டுநர்களும் மறுநாளே போய் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இவள் மட்டும் அந்தத் தாளை மடித்து இருக்கைக்கு அடியில் சொருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல இருந்தாள். வண்டிகளைக் கவனிக்கும் மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"சார், எனக்கு மேப்பு வேண்டாம். புள்ளி இருந்தாப் போதும்," என்றாள்.

"உங்க புள்ளி உங்களுக்கு மட்டும்தாங்க்கா புரியும்," என்றார் அவர்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. ஏன் என்று இருவருக்கும் தெரியும்.

போன வருடம் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மாற்று ஓட்டுநர் அவள் வண்டியை எடுத்துப் போனார். பட்டியலில் அடுத்த இடம் 'மகாராணி'. அது ஒரு பழைய தபால்காரர் வீட்டுக் கோழியின் பட்டப்பெயர். வாசற்படியில் கால் பரப்பி உட்கார்ந்து யாருக்கும் வழி விடாத கோழி. மாற்று ஓட்டுநருக்கு இது எப்படித் தெரியும்? "மகாராணி வீடு எது?" என்று சந்தில் விசாரித்தார். சந்துக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு ஒரு வீட்டைக் காட்டினார்கள். அந்த வீட்டு அம்மாளின் மிடுக்கைப் பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயரும் அதுதான். மாற்று ஓட்டுநர் கதவைத் தட்டி, முகத்துக்கு நேராகவே, "மகாராணி நீங்கதானே? வண்டி வந்திருக்கு," என்றார். அரை மணி நேரம் சண்டை. மூன்று வீடு தள்ளி, பையை மடியில் வைத்துக்கொண்டு தபால்காரர் காத்துக்கொண்டே இருந்தார்.

அன்றைய டயாலிசிஸ் தவறியதில் மறுநாள் அவருக்கு மூச்சு வாங்கி, நாலு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துவிட்டார். "ஊருக்கெல்லாம் வீடு தேடிக் கொடுத்தவன் வீட்டை யாருக்கும் தேடத் தெரியல," என்று அவரே சொல்லிச் சிரித்தார். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நிலவரம் அக்காவால் மட்டும் இன்றுவரை முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவரின் கடைக்குப் போனாள். கடிகாரக் கடை. ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, சுவர் நிறைய கடிகாரங்கள். மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். அவர் ஒரு கைக்கடிகாரத்தின் முதுகைத் திறந்து வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டிக்கு எப்படி வழி தெரியுதுன்னு நினைக்கிற?" என்றார்.

"மேல சேட்டிலைட் இருக்கு. அது பாத்துச் சொல்லுது."

"அது எதையும் பாக்கல. அதுக்கு வழியும் தெரியாது, உன்னையும் தெரியாது. மேல நிறைய சேட்டிலைட், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு கடிகாரம். ஒவ்வொண்ணும், நான் இங்க இருக்கேன், என்கிட்ட மணி இவ்வளவுன்னு சொல்லிட்டே இருக்கு. வேற வேலையே இல்ல. இருபதாயிரம் கிலோமீட்டர் மேலேருந்து அந்தச் சேதி வந்து சேர கொஞ்சம் நேரம் ஆகும் இல்லையா? நாலு கடிகாரம் சொல்றதை வச்சு, எது எவ்வளவு லேட்டா வந்துதுன்னு உன் பெட்டி கணக்குப் போடுது. அதுலேருந்துதான் நீ நிக்கிற இடம் வருது."

"கொஞ்சம் முன்னபின்ன இருந்தா?"

"நொடியில லட்சத்துல ஒரு பங்கு தப்பினாலும் நீ மூணு கிலோமீட்டர் தள்ளி நிப்ப."

அவள் சுவரைப் பார்த்தாள். "உங்க கடையில நாலு கடிகாரம் ஒரே மணி காட்டி நான் பாத்ததே இல்லையே."

"அதனாலதான் நான் கீழ இருக்கேன்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலை முதல் நோயாளியின் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்க மறந்து, தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் நிற மேகம்தான். அந்த மேகத்துக்கும் மேலே, கண்ணுக்கே எட்டாத உயரத்தில், யாரென்றே தெரியாத அவளுக்காக அந்தக் கடிகாரங்கள் பதினோரு வருடமாக மணி சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. அந்தப் பெட்டியை அவள் வாய்க்கு வந்தபடி எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இத்தனை பெரிய ஏற்பாட்டின் கீழ்முனையில், ஒரு கோழியின் பெயரைக் கொண்டுபோய் எழுதி வைத்திருக்கிறோமே என்றும் இருந்தது.

மதியம் நோயாளிகளை வீட்டில் விட்டுவிட்டு, ஜிபிஎஸ் பெட்டிகளைப் பார்க்கும் சர்வீஸ் கடைக்கு வண்டியை விட்டாள். ஏற்றுவதா வேண்டாமா என்று அப்போதும் முடிவு இல்லை. கடையை நடத்துகிறவள் இவள் வயதுக்காரி. விரல் நகமெல்லாம் பசையும் ஒயர் துணுக்குமாக இருப்பாள்.

"பாக்காம ஏத்த மாட்டேன். புதுசுல என்னதான் இருக்குன்னு காட்டுங்க," என்றாள் நிலவரம் அக்கா.

கடைக்காரி பெரிய திரையில் வரைபடத்தைத் திறந்து, கிடங்குகளுக்குப் பின்னால் நகர்த்தினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. மெல்லிய கோடுகள், கிளை பிரிந்து, வளைந்து, முட்டி நின்று, திரும்பி வந்து, சந்து சந்தாக அந்தக் குடியிருப்பு முழுவதும் அங்கே கிடந்தது. நீல டிரம்முக்குப் போகும் வழி. சாயும் கேட்டுக்கு முன்னால் வண்டியைப் பின்னெடுக்கும் முடுக்கு. ஒன்று விடாமல் இருந்தது.

"இதை யார் போட்டாங்க? அங்க ஒரு ஆளும் அளக்க வரலையே."

"யாரும் வர வேண்டாம்மா. வருஷம் ஒரு தடவை பெட்டியை சர்வீஸுக்கு விடுவீங்கல்ல, அப்ப உள்ள இருக்கிற தடத்தை இறக்கிக் கம்பெனிக்கு அனுப்புவோம். உங்க ஆஃபீஸ்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான். ஒரே இடத்துல மூணு தடவை வண்டி போயிருந்தா, மெஷின் அதை ரோடுன்னு எடுத்துக்கும். அதெல்லாம் இந்தப் புது வெர்ஷன்லதான் சேர்ந்திருக்கு."

"இதெல்லாம் யார் யார் வண்டி?"

கடைக்காரி ஏதோ தட்டினாள். "ஒரே ஒரு வண்டிதான்," என்றாள், குரல் இறங்கி. "உங்க நம்பர்."

நிலவரம் அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கல் சுமக்கவில்லை, ஒரு சட்டி தார் ஊற்றவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டு போனாள், வந்தாள். அந்தப் போக்குவரத்து இங்கே ஒரு ஊராகக் கிடக்கிறது.

விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். நேரான சந்து. அதன் நடுவில் மட்டும் கோடு இடப்பக்கம் ஒதுங்கி, மறுபடி நேராகியிருந்தது.

"இது தப்பால்ல இருக்கு. இந்த இடத்துல ஒண்ணுமே கிடையாது."

"மரம், கிணறு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. வெறும்..." என்று ஆரம்பித்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அங்கே ஒரு கட்டில் இருந்தது. புழுக்கம் தாங்காமல் சந்து நடுவில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிடந்த ஒரு பழைய லாரி ஓட்டுநரின் கட்டில். அவரும் அவளுடைய நோயாளிதான். ஹாரன் அடித்தால் எழ மாட்டார். காலை மட்டும் மடக்கிக்கொண்டு, "இடப்பக்கம் ஒடிச்சு வா, இடம் இருக்கு," என்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது. மறுவாரமே கட்டிலையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அவள் கை அதை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. தினமும் அந்த இடம் வந்ததும் இடப்பக்கம் ஒடித்து, இல்லாத கட்டிலைச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறாள். அவளுக்கே தெரியாமல்.

"ஆறு வருஷமா வெறும் காத்தைச் சுத்திப் போயிருக்கேன்," என்று சொல்லும்போது கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

விஷயத்தைக் கேட்டபின் கடைக்காரி மெதுவாகச் சொன்னாள்: "பிழைன்னு எழுதிப் போட்டா அடுத்த அப்டேட்ல நேராக்கிடுவாங்க. போடட்டுமா?"

"இப்படி ஒதுங்கிப் போனா யாருக்காவது இடிக்குமா?"

"உங்களுக்குத்தான் தெரியும்."

"இடிக்காது. தாராளமா இடம் இருக்கு." அந்த வளைவை ஒருமுறை விரலால் தடவினாள். "இருக்கட்டும். எந்த வண்டியும் அவர் மேல ஏறிப் போக வேண்டாம்."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. இப்போது வந்துகொண்டிருக்கும் முப்பத்தொரு பேரை மட்டும் புதிதாக எழுத வேண்டும், அதுவும் யார் படித்தாலும் புரிகிற மாதிரி, சொந்தப் பெயரில். அதில்தான் மானம் போனது. பன்னிரண்டு பேரின் சொந்தப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. மையத்துக்குப் போன் போட்டு, "அந்தத் தும்மல்காரர் பேர் என்னம்மா?" என்று நர்ஸிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். தபால்காரர் பெயரைத் தானே தட்டினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள்.

கடைசியில் பெட்டி கேட்டது: பழைய இடங்கள் அனைத்தும் நீங்கும். தொடரவா?

கடைக்காரி கையை விலக்கிக்கொண்டாள். நிலவரம் அக்கா எண்பத்து மூன்று பேரையும் ஒரு சுற்று நினைத்தாள். அவரவர் வாசலுக்குப் போன கோடு அவரவர் வாசலில் இருக்கிறது. இனி அதை யாராலும் அழிக்க முடியாது, அவளாலும்கூட. 'ஆம்' என்பதைத் தானே அழுத்தினாள்.

திங்கட்கிழமை பட்டியலில் ஒரு புது நோயாளி. முப்பது வயதுப் பெண். கிழக்கே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் வீடுகளில் ஒன்று. பாலத்தைத் தாண்டியதும் புதிய வரைபடமும் நின்றுபோனது. மறுபடி அதே வெள்ளை, அதே அம்புக்குறி. நாலு பேரிடம் விசாரித்து, ஒரு முட்டுச்சந்தில் மாட்டி, ஒருவழியாக வீட்டைப் பிடித்தாள்.

அந்தப் பெண் முதல்முறை போகிறாள். வண்டியில் ஏறி, கையில் வைத்திருந்த ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நிலவரம் என்ன?" என்றாள் நிலவரம் அக்கா.

"பயமா இருக்கு," என்றாள் அந்தப் பெண். பிறகு, "நாளை மறுநாளும் நீங்கதானே வருவீங்க? இங்க வழி கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியாதுங்க்கா. நீங்க லீவு போட்டுட்டா என்ன பண்றது?"

நிலவரம் அக்கா வண்டியை எடுத்தாள். மெயின் ரோடு வரை போனவள் வண்டியைத் திருப்பி, வந்த சந்திலேயே மறுபடி நுழைந்தாள். அந்த வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள். குண்டு குழியைப் பார்த்து, சுவரை ஒட்டாமல், நடுவே நிதானமாக ஓட்டினாள். மெயின் ரோட்டில் மறுபடி வண்டியைத் திருப்பினாள்.

"என்னக்கா, எதையாவது விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. உங்க வீட்டுக்கு ரோடு போட்டுக்கிட்டிருக்கேன். இன்னும் ஒரே ஒரு தடவைதான்."