வெறும் கம்பியில் மஞ்சள் சுடர்

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடந்த ஒரு காலையில், அரை மணி நேரம் நான் திருடனாக இருந்தேன். 2006-இல், மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய ஒரு பள்ளியில் நான் ஆய்வக உதவியாளர். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் லேப் சின்னது. ஆனால் என் கண்ணுக்கு அதைவிடச் சுத்தமான லேப் இந்தப் பக்கத்தில் கிடையாது. சுவரில் தனிம வரிசை அட்டவணை தொங்கும். அதில் சோடியம் கட்டம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருக்கும். உப்பில் இருக்கிற அது நம்ம ஊர்க்காரன் என்று பிள்ளைகளுக்குச் செல்லம்.

தேர்வுக்கு முந்தைய நாள் என் பெருமை அளவு மீறிவிட்டது. தேர்வு நடத்த வெளியூர் ஆசிரியர் ஒருவர் எக்ஸ்டெர்னலாக வருகிறாரே என்று புதுத் துணிகளைத் துவைத்துக் காம்பவுண்டு சுவரில் காயப்போட்டேன். பழைய இஸ்திரிப் பெட்டியின் சுருளை வெட்டி நானே செய்த கம்பிகள், உப்பைக் குழைக்கும் வாட்ச் கிளாஸ்கள் எல்லாவற்றையும் மறுநாள் விடிந்ததும் அந்தத் துணியால் பளபளவென்று துடைத்து வைத்தேன்.

தேர்வில் ஃப்ளேம் டெஸ்ட் தொடங்கியது. கொடுத்த உப்பை அமிலத்தில் குழைத்து, கம்பியில் தொட்டு, பர்னரில் காட்ட வேண்டும். பேரியம் என்றால் சுடர் பச்சை, கால்சியம் என்றால் செங்கல் சிவப்பு. முதல் மேஜையில் மஞ்சள். இரண்டாவதில் மஞ்சள். ஆறு மேஜையிலும் மஞ்சள். மஞ்சள் என்றால் சோடியம். அன்று நாங்கள் யாருக்கும் சோடியம் கொடுக்கவில்லை.

எக்ஸ்டெர்னல் என்னைத் தனியே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"பேரியத்த என்னங்க பண்ணீங்க? வித்துட்டுப் பாட்டில்ல சாப்பாட்டு உப்பப் போட்டு வெச்சிருக்கீங்களா?"

அவர் அறிக்கை எழுதினால் என் வேலை போகும், பிள்ளைகளின் மதிப்பெண்ணும் போகும். பாட்டில்களில் நான் கை வைக்கவே இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை, பேனாவைத் திறந்தார்.

அப்போது ஏழாவது மேஜையில் பச்சைச் சுடர் எழுந்தது.

கலைவாணியின் மேஜை அது. அப்பா அம்மா இருவருக்கும் உப்பளத்தில் வேலை. எக்ஸ்டெர்னல் அவள் விடைத்தாளை எடுத்துப் படித்தார், பிறகு என்னிடம் நீட்டினார். முதல் வரியில் இப்படி இருந்தது: "உப்பு தொடாத வெறும் கம்பியும் மஞ்சளாக எரிகிறது. ஆகவே மஞ்சள் பாட்டிலுடையது அல்ல." வாட்ச் கிளாஸை அமிலம் விட்டு அலசி, கம்பியை அமிலத்தில் தோய்த்துத் தோய்த்து மஞ்சள் போகும்வரை எரித்துவிட்டுத்தான் அவள் உப்பையே தொட்டிருக்கிறாள்.

படித்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. காம்பவுண்டு சுவர் உப்பளத்தைப் பார்த்தது. ராத்திரி முழுக்கக் காற்று அந்தத் துணியில் உப்பை ஏற்றியிருக்கிறது. அதைக் கொண்டுதான் நான் பளபளப்பாக்கியிருக்கிறேன்.

பாட்டில் சுத்தம் என்று தெரிந்துவிட்டது, சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மற்ற பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

"தப்பு என்னுதுதான் சார். துணியில உப்பு ஏறியிருக்குது. பசங்களுக்கு இன்னொரு வாட்டி குடுங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். பேட்டரிக் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரால் எல்லாவற்றையும் கழுவினேன், கம்பிகளை அமிலம் தோய்த்து எரித்தேன். மறுபடி காட்டியபோது பச்சையும் செங்கல் சிவப்பும் வரிசையாக வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வு முடிந்ததும், வெறும் கம்பியைப் பார்க்கும் யோசனை எப்படி வந்தது என்று கலைவாணியைக் கேட்டேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள்.

"கொழம்பு வெக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்ல தண்ணிய வாயில வெச்சிப் பாப்போம் சார். தண்ணியிலயே உப்பு இருக்குதே. அது தெரியாம எவ்ளோ போடுறதுன்னு எப்படித் தெரியும்?"

என் வீட்டிலும் அப்படித்தான் சமைக்கிறார்கள். பதினெட்டு வருடம் லேப்பில் நின்ற எனக்கு அது தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு தேர்வு நாளிலும் லேப்பைத் திறந்ததும் நான் முதலில் எரித்துப் பார்த்தது வெறும் கம்பியைத்தான்.