இரண்டு சீட்டிலும் ஆம்

என் மகளுக்காகப் போட்ட இரண்டு சீட்டிலும் நான் 'ஆம்' என்றே எழுதினேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கல்யாணம் முடிவு செய்யும்போது எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் சிலர் இப்படிச் செய்வதுண்டு. ஒரு சீட்டில் ஆம், இன்னொன்றில் இல்லை. இரண்டையும் மடித்து வேதாகமத்துக்குள் வைத்து, ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுப்பார்கள். வருவதுதான் ஆண்டவருடைய சித்தம். அதற்கு மேல் பேச்சில்லை.

மாப்பிள்ளை வீடு ஸ்ரீரங்கத்தில். தென்னூரில் இருக்கும் எனக்கு எட்டிப் பார்த்துவிட்டு வருகிற தூரம். கணவர் இறந்துபோன பிறகு மகளையும் பெங்களூருக்கோ துபாய்க்கோ அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார எனக்குத் தெம்பில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. நல்ல பையன், நல்ல குடும்பம் என்று நானே விசாரித்து நானே முடிவு கட்டிவிட்டேன். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறாரும்மா. ஆண்டவர் சொல்லட்டும், கட்டிக்கிறேன்" என்றாள். சொல்ல வைத்தேன்.

ஸ்கூலில் முப்பது வருடம் டைம்டேபிள் போட்டவள் நான். கொண்டுபோய் நீட்டுவேன், தலைமையாசிரியர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். ஆண்டவரையும் அந்த நாற்காலியில்தான் உட்கார வைத்திருந்தேன். என் ஜெபத்தில் கேள்வி என்று ஒன்று இருந்ததே இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். மற்றதை நான் கசக்கி எடுத்துப்போய் அடுப்பில் காட்டினேன். பிறகு அதே அடுப்பில் காபி போட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அடிக்கிறவன் இல்லை. பேசாமல் இருக்கிறவன். சாம்பாரில் உப்பு கூடினால் பத்து நாள் பேச மாட்டான். என்னைப் பார்த்துவிட்டுப் போனால் ஒரு மாதம். வேலையை விடச் சொன்னான், விட்டாள். போனைக் கேட்டான், கொடுத்தாள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கிறிஸ்மஸுக்கு மட்டும் வந்தாள்.

"வந்துடுடி" என்பேன்.

"ஆண்டவர் பார்த்துக் கொடுத்ததும்மா. நான் எப்படி வேண்டாங்கிறது?" என்பாள்.

ஆறு வருடம் இதே பதில். முதலில் கேட்டபோது உறுத்தியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. சர்ச்சுக்குப் போனேன், எல்லோரோடும் பாடினேன், எதுவும் உள்ளே இறங்கவில்லை. முழங்கால் போட்டால் முழங்கால் வலித்தது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு மத்தியானம் கைப்பையோடு வந்து நின்றாள். சாப்பாடு போட்டேன். பாதி சாப்பிட்டவள் நிமிர்ந்து, "திரும்பிப் போறதா வேண்டாமான்னு தெரியலம்மா. அன்னைக்கு மாதிரி சீட்டு போட்டுப் பார்ப்போமா?" என்றாள்.

பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தேன். இரண்டிலும் 'வேண்டாம்' என்று எழுதினால் போதும், அவள் என்னோடு இருந்துவிடுவாள். நல்லதுதானே, இதில் என்ன தப்பு? கை அதற்கே போனது. பேனாவை மூடி வைத்தேன். ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது. பதிலென்று ஒன்றும் காதில் விழவில்லை. எழுத மட்டும் முடியவில்லை.

"அன்னைக்கு ரெண்டுலயும் ஆம்னுதான் எழுதியிருந்தேன்டி" என்றேன்.

அவள் கை தட்டிலேயே நின்றது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அப்போ ஆண்டவர் என்னை அங்க அனுப்பல" என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் முகத்தில் கோபம் இல்லை. "அவருக்கு என்னைப் பிடிக்கலைன்னுதாம்மா இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."