ஜெனவீவ் வைத்த விழாக்கள்

லூனாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் தாமான் மெலோர் இண்டா குடியிருப்பில் ஜெனவீவைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். குலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே ஆட்களை மேய்த்தவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அவர் குரல் ஓய்வு பெறவில்லை. பூசையில் அவர் ‘ஆமென்’ சொன்னால் கடைசி வரிசையில் தூங்குபவரும் எழுந்து நின்றுவிடுவார் என்று அவருடைய கணவர் டக்ளஸ் சொல்வார். கடைசி வரிசையில் தூங்குபவர் டக்ளஸ்தான்.

குடியிருப்புக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் கதிரவேலு. அரசாங்க மருத்துவமனையில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், எந்த வெயிலிலும் சட்டை மடிப்புக் கலையாதவர். ஊருக்கு உழைப்பதென்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். உழைப்பென்று அவர் சொல்வது விழாவை. தெருவெல்லாம் குப்பை குவிந்து ஜனங்கள் முணுமுணுத்தபோது, சங்கம் உடனடியாகக் களத்தில் இறங்கிக் குடியிருப்பு மண்டபத்தில் ‘தூய்மையே நம் மூச்சு’ விழாவை நடத்தியது. பிரமுகர்கள் புதுத் துடைப்பங்களைப் பிடித்தபடி படமெடுத்துக்கொண்டார்கள். துடைப்பத்தின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கழற்றவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் கொடுத்தார்கள். மறுநாள் அந்தப் பொட்டலக் காகிதங்களும் தெருக் குப்பையோடு சேர்ந்துகொண்டன.

ஜெனவீவ் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவராகத்தான் இருந்தார், டக்ளஸ் விழும்வரை.

பின் லோரோங் என்கிற பின்சந்தில் கால்வாய்மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகை உடைந்து பல மாதங்களாகிவிட்டது. மழை பெய்த ஒரு மாலை, தண்ணீர் மூடிய பள்ளம் தெரியாமல் டக்ளஸ் மோட்டார் சைக்கிளோடு அதில் இறங்கினார். கால் முறிந்தது. மோட்டாருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவர்கள் இருக்கும் கெடா மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஜெனவீவ் காலைப் பூசை முடிந்த கையோடு நகராண்மைக் கழகத்துக்குப் போனார். முகப்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். புகாரைக் கவனத்தில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். அடுத்த வாரம் போனபோதும் கவனத்தில்தான் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரமும் கவனம் துளியும் சிதறவில்லை. பலகைதான் அப்படியே உடைந்து கிடந்தது.

கதிரவேலுவிடம் போனார்.

“சார், பின்னால லோங்காங் பலகை உடைஞ்சு கெடக்கு. நம்ம சங்கம் ஒண்ணும் செய்யாதா?”

“ஏன் செய்யாமல்? அடுத்த மாதம் மண்டபத்தில் ‘பாதுகாப்பான சாலை’ என்று ஒரு கருத்தரங்கு வைக்கிறோம். டக்ளஸையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.”

“அவரு கால்ல கட்டு போட்டிருக்கு சார்.”

“நல்லதுதான். முன் வரிசையில் உட்கார வைப்போம்.”

அந்த வாரமே ஓர் அதிசயம் நடந்தது. ஒரு காலைப்பொழுதில் நகராண்மைக் கழக லாரிகள் வரிசையாக வந்து நின்றன. புல் வெட்டினார்கள், குழிகளை மூடினார்கள், சாலையோரக் கல்லுக்குக் கறுப்பும் வெள்ளையும் அடித்தார்கள். தன் புகார் பலித்துவிட்டதென்று நம்பிய ஜெனவீவ், ஆட்களுக்குத் தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினார். வேலை மண்டபத்து முனைவரை வந்து, கத்தியால் வெட்டினதுபோல் நின்றுவிட்டது.

“என்ன தம்பி, பின் லோரோங் பக்கம் எப்ப வருவீங்க?”

மேற்பார்வையாளன் தேநீரை ஊதிக் குடித்தபடி சொன்னான். “அங்க வேலை இல்லக்கா. வைபி மண்டபத்துக்குத்தான வர்றாரு. புது டாய்லெட்டத் தொறந்து வெச்சிட்டு அப்படியே போயிருவாரு.”

வைபி என்றால் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவர் கார் எந்த வழியாக வருமோ அந்த வழியில் மட்டும் சாலை சாலையாக இருக்கும், விளக்கு எரியும். ஜெனவீவ் காலிக் குவளைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“ஏங்க, புகார் குடுத்தா இவங்க வரமாட்டாங்க. வைபி வந்தாத்தான் வருவாங்க.”

“அப்ப வைபியக் கூப்பிடு” என்றார் டக்ளஸ், காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தபடி. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஜனவரியில் பொங்கல் வந்தது. எப்போதும் மண்டபத்தில் நடக்கும் ஒற்றுமைப் பொங்கலை இந்த முறை பின் லோரோங்கில் வைக்கலாமென்று ஜெனவீவ் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்.

கதிரவேலு முகத்தைச் சுளித்தார். “அது நாற்றம் பிடித்த இடம் அல்லவா?”

“சார், மண்டபத்துல பேனரு சின்னதாத்தான் மாட்ட முடியும். அங்க பாத்தீங்கன்னா மதில் நீளமா இருக்கு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் உங்க படம் வரும்.”

சங்கத் தலைவர் சற்று நேரம் சமூக நலனை ஆழமாகச் சிந்தித்தார். சம்மதித்தார்.

விழாவுக்கு முந்தைய வாரம் லாரிகள் வந்தன. புதுப் பலகை போட்டார்கள், கால்வாயைத் தூர் வாரினார்கள், யாரும் கேட்காமலே மதிலுக்கும் சாயம் பூசினார்கள். விழாவன்று வைபி வந்து பானைக்குள் ஒரு செம்புப் பால் ஊற்றினார். படங்கள் எடுத்தாயிற்று. பால் பொங்குவதற்குள் அடுத்த விழாவுக்குக் கிளம்பிவிட்டார். கதிரவேலு பேனரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கும்பிட்டபடி இருந்தார். டக்ளஸ் ஊன்றுகோலோடு வந்து அந்தப் பலகைமேல் நின்று, ஒருமுறை தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

அதன் பிறகு சங்கம் அவரை நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டது; ஜெனவீவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் அறுந்து கிடந்தது, அங்கே குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி வைத்தார். ஊஞ்சல் வந்தது. சிறிய பள்ளிவாசலான சுராவ் பக்கம் தெருவிளக்கு எரியவில்லை, மலாய்க்கார அண்டை வீட்டாரோடு சேர்ந்து மாலை நடைப்பயணம் வைத்தார். விளக்கு எரிந்தது. ஜனங்கள் கெட்டிக்காரர்கள், சீக்கிரமே நெளிவு சுளிவைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது தெரு உமாராணி ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, எங்க வீட்டு முன்னுக்கு ஒரு சீனி டெஸ்ட் முகாம் வைங்கக்கா.”

“உனக்குச் சீனியா?”

“சே, இல்லக்கா. ரோட்டுல பெரிய ஓட்ட லா.”

ஆனால் குடியிருப்பின் கடைசி வரிசை வீட்டுக்காரர்கள் யாரும் இப்படி வந்து கேட்கவில்லை. சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டம் ஒன்று மூடப்பட்டபோது அங்கிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்த மலிவு வீடுகள் அவை. பின்னால் சிற்றாறு. அதன் கரை சரிந்து, கனத்த மழை பெய்தால் தண்ணீர் நேராக அடுப்படிக்குள் வந்துவிடும். தோட்டத்தில் கேட்டுக் கேட்டுப் பார்த்துச் சலித்தவர்கள், இங்கே கேட்பதையே விட்டிருந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு காலை, இடி மழையில் ஆறு ஏறியது. அங்கே முருகையா என்ற முன்னாள் பால்மரத் தொழிலாளிக்கு அன்று இரத்தச் சுத்திகரிப்பு. ஏற்கெனவே ஒரு முறை தவறியிருந்தது. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேன் பிடித்துக் கொடுக்க ஓடிவந்த ஜெனவீவைப் பார்த்து, நாற்காலியில் இருந்தவர் சங்கடத்தோடு சிரித்தார்.

“ஒங்களுக்கு ஏன் தங்கச்சி சிரமம்?”

ஜெனவீவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் விழா எடுத்தோம், சத்தம் போடத் தெரியாத இந்த வரிசை நம் கண்ணில் படவே இல்லையே என்று அன்று முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததில் டக்ளஸ் பயந்துவிட்டார்.

மறுநாள் வைபியின் உதவியாளன் திவாகரனைப் போய்ப் பார்த்தார். மிடுக்கான இளைஞன். கையில் இரண்டு தொலைபேசி, இரண்டும் சிணுங்கிக்கொண்டே இருந்தன.

“தம்பி, கடைசி வரிசையில ‘ஆற்றை நேசிப்போம்’னு ஒரு விழா. வைபி வந்து தொறந்து வைக்கணும்.”

திவாகரன் சிரித்தான். “ஆண்ட்டி, நீங்க ஏன் இவ்ளோ ஃபங்ஷன் வைக்கிறீங்கன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அந்த ஏரியா வேணாம். வெள்ளம் வர்ற எடத்துல வைபி நின்னா போட்டோ நல்லா இருக்காது. எலெக்‌ஷன் வேற வரப்போவுது.”

“வெள்ளம் வர்றது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும் ஆண்ட்டி. அதனாலதான் வரமாட்டாரு.”

இவ்வளவு நேர்மையான பதிலை ஜெனவீவ் எந்த அரசியல் அலுவலகத்திலும் கேட்டதில்லை. நன்றி சொல்லிவிட்டு நேராக சுங்கைப் பட்டாணியில் பேனர் அச்சடிக்கும் கடைக்குப் போனார்.

கடைசி வரிசையின் முனையில் பேனர் ஏறியது. வைபியின் முகம் ஓர் ஆள் உயரம், பல்வரிசை முழுசாகத் தெரியும்படி. கீழே விழாத் தேதி. அதற்குக் கீழே: ‘மாண்புமிகு அவர்களை அன்புடன் எதிர்பார்க்கிறோம்.’ இன்னொன்றை நகராண்மைக் கழக லாரிகள் தினமும் போகிற முச்சந்தியில் கட்டினார்.

நகராண்மைக் கழகத்தில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. வைபி வருகிறாரா என்று வைபியின் அலுவலகத்தைக் கேட்டு, தனக்கு மட்டும் தெரியாமல் போயிற்றே என்று காட்டிக்கொள்ள எந்த அதிகாரிக்குத்தான் மனம் வரும்? மண்வாரி இயந்திரம் வந்து இறங்கியது. ஆற்றைத் தூர் வாரினார்கள். சரிந்த கரையில் கம்பிக் கூடைகளை அடுக்கிக் கருங்கல்லால் நிரப்பினார்கள். மேற்பார்வையாளன், அதே தேநீர் மேற்பார்வையாளன்தான், ஜெனவீவைப் பார்த்துக் கேட்டான்.

“அக்கா, உண்மையிலேயே வர்றாரா?”

“நாங்க எதிர்பாக்கிறோம் தம்பி.”

அவன் பேனரை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்தான். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, “இன்னும் ரெண்டு லோரி கல்லு கொண்டாங்கடா” என்று கத்தினான்.

விழாவன்று வைபி வரவில்லை. கூடாரத்தின் கீழ் கடைசி வரிசைக்காரர்கள் பிரியாணி சாப்பிட்டார்கள். முருகையா புதுக் கற்கள்மேல் நடந்து பார்த்தார். உரையாற்ற ஒருவரும் இல்லாததால் சோறு சூடாகவே கிடைத்தது.

மத்தியானமே தொலைபேசி அடித்தது.

“ஆண்ட்டி, யார் பெர்மிஷன்ல வைபி படத்தப் போட்டீங்க? போலீஸ்ல ரிப்போட் பண்ணலாம், தெரியுமா?” திவாகரனின் குரல் மிடுக்கை இழந்திருந்தது.

“வர்றாருன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா தம்பி? எதிர்பாக்கிறோம்னுதான் போட்டிருக்கோம். ஓட்டு போட்டவங்க எதிர்பாக்கிறது குத்தமா?”

மறுமுனையில் திவாகரனின் இரண்டாவது தொலைபேசி சிணுங்குவது மட்டும் கேட்டது.

கதிரவேலு வீட்டுக்கே வந்துவிட்டார். சங்கத்தின் மானம் போய்விட்டதென்றார், தன்னைக் கலக்கவில்லை என்றார். கடைசியில் உண்மையான வலியையும் சொன்னார்: “பேனரில் என் படம் இல்லை.” அவசரக் கூட்டம் போட்டு, ஒழுங்கு மீறலுக்காக ஜெனவீவை நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நீக்கிய தீர்மானத்தை முன்மொழிந்தது உமாராணி. அவள் வீட்டு முன்னாலிருந்த ஓட்டை அதற்குள் அடைபட்டிருந்தது.

போலீஸ் புகார் மட்டும் வரவில்லை. யாரோ புதுக் கரையைப் படமெடுத்து முகநூலில் போட, ‘வைபியின் அதிரடி நடவடிக்கை’ என்று பாராட்டுகள் குவிய ஆரம்பித்தன. பாராட்டு வந்த இடத்துக்கு வைபி வராமல் இருப்பாரா? இரண்டு வாரத்தில் அதே கடைசி வரிசையில் அதிகாரபூர்வத் திறப்பு விழா. ஏற்கெனவே கட்டி முடித்த கரைக்கு நாடா கட்டி வெட்டினார். கதிரவேலு சால்வை போர்த்தினார், நினைவுச் சின்னம் பெற்றார். திவாகரன் ஜெனவீவைக் கண்டதும் பார்வையைத் திருப்பி, பிறகு என்ன நினைத்தானோ, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

“ஆண்ட்டி, எங்கம்மா வீடும் கோலா கெத்தில்ல ஆத்தோரம்தான்” என்றான், அவரைப் பார்க்காமலே.

“சாப்பிட்டியா தம்பி?” என்றார் ஜெனவீவ். அவனுக்கு ஒரு தட்டு எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது டக்ளஸ் கேட்டார். “அத்தனையும் செஞ்சது நீ. ஒரு வார்த்த ஒம் பேரச் சொன்னாங்களா?”

“இல்லங்க.”

“கோவம் வரலியா?”

“வந்துச்சு. அந்தக் கதிரவேலு சால்வையைப் போத்துறப்ப நல்லாவே வந்துச்சு” என்று ஜெனவீவ் ஒத்துக்கொண்டார். காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி எறிந்த வேகத்தில் அது சுவரில் மோதியது. பிறகு குளிக்கப் போய்விட்டார்.

அக்டோபரில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை ஜெனவீவ் குடையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். ஆறு பழுப்பாகக் குமுறிக்கொண்டு கற்களின் மேல்விளிம்பு வரை வந்திருந்தது. அதற்குமேல் ஏறவில்லை. முருகையா சுத்திகரிப்புக்குப் போகச் சட்டை மாட்டி, காய்ந்த தரையில் நாற்காலி போட்டு, வேனுக்காகக் காத்திருந்தார்.

“தண்ணி வரல தங்கச்சி” என்றார். ஏதோ அதை ஜெனவீவ் நம்பமாட்டார் என்பதுபோல, தரையைக் கையால் தடவிக் காட்டினார். பிறகு தன் காலில் பட்டென்று அறைந்துகொண்டார்.

“ஆனா கல்லு சந்துல கொசு சாஸ்தியாயிருச்சு. கொசுவுக்கு ஏதாச்சும் விழா இருக்கா?”

ஜெனவீவ் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழ ஆரம்பித்தது.