மாப்பிள்ளை முன்னால் போன குகை

மதுரைக்காரனுக்குக் குகை புதிதல்ல. ஊரைச் சுற்றி எந்தப் பாறையில் ஏறினாலும் ஒன்று இருக்கும். ஆனால் அவையெல்லாம் மரியாதை தெரிந்த குகைகள். உள்ளே ஒரு சாமி இருக்கும். இல்லாவிட்டால் சமண முனிவர்கள் விட்டுப்போன கல்படுக்கை இருக்கும். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்து, "போதும், திரும்பு" என்று சொல்லிவிடும். போய்க்கொண்டே இருக்கும் குகையை நான் கண்டது இலங்கையில்தான், கல்யாணமான மறுவருஷம்.

என் மனைவியின் அண்ணன்மார் இருவரும் பதுளைப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். திருமங்கலத்தில் சம்பந்தம் பேசியபோதே என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. புஸ்தகமும் கையுமாகத் திரிகிறவன் ஓர் ஆபத்துக்கு ஆவானா என்று கேட்டார்களாம். "அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று இவள் எனக்காக வாக்குக் கொடுத்துவிட்டாள். அதுவரை அவள் என்னைப் பார்த்திருந்தது ஒரே தடவை, கதவிடுக்கு வழியாக. அப்போது நான் பணியாரம் தின்றுகொண்டிருந்தேன். பணியாரத்தைக் கண்டு நான் பயந்ததில்லை என்பது உண்மைதான்.

அந்த வாக்கையும் சுமந்துகொண்டுதான் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினோம். அண்ணன்மார் முன்னால் அது பொய்யாகிவிடக் கூடாதே என்பது அவள் கவலை. எனக்கோ இருட்டென்றால் ஆகாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான். வீட்டில் விடிய விடிய சிம்னி விளக்கு எரிவதற்குப் படிப்பைக் காரணம் காட்டி, பக்கத்தில் ஒரு புஸ்தகத்தை விரித்து வைத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு, கட்டுச்சோறும் அரிக்கேன் விளக்குமாக, எங்களைக் குகை காட்ட அழைத்துப் போனார்கள். வாசலிலேயே மரியாதை ஆரம்பமாயிற்று. பந்தியில் முதல் இலை மாப்பிள்ளைக்கு. கடல் தாண்டினால் மட்டும் அது மாறுமா?

"மாப்ள முன்னால போங்க" என்றார் பெரிய மச்சான்.

நான் விளக்குக்குக் கை நீட்டினேன். மாப்பிள்ளை கையில் சுமையைக் கொடுப்பதாவது! அதைத் தாமே வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். அவருக்குப் பின்னால் சின்ன மச்சான். பெண்பிள்ளை என்பதால் என் மனைவி கடைசி.

விளக்கு முதுகுக்குப் பின்னால் வந்தால் என்ன ஆகும் என்பதை மரியாதை யோசிப்பதில்லை. என் நிழல் எனக்கு முன்னால் விழுந்தது. கால் வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அது முந்திக்கொண்டு படுத்திருந்தது. குகை குறுகிக்கொண்டே போய், இரண்டு தோளும் ஈரப் பாறையில் உரசின. நான் பேசிக்கொண்டே போனேன். மேலே தொங்கிய வௌவால்களும் மாப்பிள்ளைகள்தாம், தலைகீழாகத் தொங்கினாலும் மாமியார் வீட்டை விட்டு நகராது என்றேன். சின்ன மச்சான் சிரித்தார்.

பிறகு ஒரு வளைவு. அதற்கப்பால் என் நிழல்கூட இல்லை. தரை இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று தெரியவில்லை. கால் எழவில்லை.

"என்ன மாப்ள, நின்னுட்டீக?"

ரசிக்கிறேன் என்று சொல்லத் தலையைத் திருப்பி வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பெரிய மச்சான் விளக்கை மெல்ல என் முகத்துக்கு நேராக உயர்த்த ஆரம்பித்தார். இன்னும் ஒரு சாண் உயர்ந்திருந்தால், அவள் கொடுத்த வாக்கின் கதி என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"அண்ணே, எனக்கு மூச்சு முட்டுது" என்றாள் அவள் கடைசியிலிருந்து. "திரும்புங்க. இனி ஒரு எட்டு வைக்கமாட்டேன்."

விலகி வழிவிட இடமில்லை. நின்ற இடத்திலேயே எல்லோரும் திரும்பினோம். விளக்கு கைமாறி அவளிடம் போயிற்று. எனக்கு முன்னால் மூன்று முதுகுகள், அவற்றின் ஓரமெல்லாம் வெளிச்சம். கால் தானாக நடந்தது. மூச்சு முட்டியவள் போன வேகத்தில் அண்ணன்மாருக்குத்தான் மூச்சு வாங்கியது.

வெளியே கட்டுச்சோற்றைப் பிரித்தபோது அவர்கள் அவளை விட்டுவைக்கவில்லை. "மாப்ள கல்லு மாதிரி நிக்கிறாரு, நீ பயந்து ஓடியாந்துட்டியே பிள்ள" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் புளிச்சோறு ஒரு பிடி கூடுதலாக விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஊறுகாயைத் தேடினாள்.

ஊர் திரும்பும் ரயிலில், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பேச்ச நிறுத்திட்டீகளே" என்றாள். "தூக்கத்துலகூட அம்புட்டுப் பேசுற ஆளு."

மதுரை வீட்டில் அதன் பிறகும் சிம்னி விளக்கு விடிய விடிய எரிந்தது. பக்கத்தில் புஸ்தகத்தை விரித்து வைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.