ஏ.சி. அறையில் சி.டி. பார்த்தவர்கள்

"மார்ச்சுக்குள்ள ஆள் வரலேன்னா சி.டி. சந்தாவை நிறுத்திருவேன்" என்றார் பிரின்சிபால். தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் ஒரு கல்லூரியில் நான் உதவி நூலகர். வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கமெல்லாம் அந்த சி.டி.யில் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்க வைத்தவள் நான். நிறுத்தினால் பழையபடி புத்தகத்துக்கு நம்பர் ஒட்டப் போக வேண்டியதுதான்.

ஆறு மாதத்தில் ரிஜிஸ்டரில் ஏழு கையெழுத்து. மூன்று என்னுடையது. தூசி போகும் என்று கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே ஷூவைக் கழற்றச் சொல்லியிருந்தோம். கிழிந்த சாக்ஸைக் காட்ட எந்தப் பேராசிரியருக்கும் மனசில்லை.

அந்த விதியை எடுத்துவிட்டேன். மாசி வெயில் கைகொடுத்தது. கல்லூரியிலேயே ஏ.சி. இருந்தது அந்த அறையில் மட்டும்தான், அதுவும் கம்ப்யூட்டருக்காக. ரிஜிஸ்டர் பக்கம் பக்கமாக நிறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிரின்சிபால் வந்து புரட்டினார். "தமிழ்த்துறைத் தலைவர் தினமும் வர்றாக. அவுகளுக்கு இதுல என்ன இருக்கு?"

உள்ளே எட்டிப் பார்த்தோம். தலைவர் நல்ல தூக்கத்தில் இருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. இதால ஒருத்தருக்காவது பிரயோஜனம் உண்டா?"

உண்டு. அதைச் சொல்லத்தான் பயந்துகொண்டிருந்தேன். பள்ளத்தூர் பிலோமினா, விலங்கியல் ஆய்வு மாணவி. பிரின்சிபால்தான் அவளுக்கு கைடு. நத்தை முட்டை எந்தச் சூட்டில் பொரிக்கும் என்பது அவர் கொடுத்த தலைப்பு. ஒன்றரை வருடமாக ஊருணி ஊருணியாக நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் சி.டி.யில் தேடினால் அதே நத்தை, அதே முட்டை. ஒரு ஜப்பான்காரர் எப்போதோ முடித்து வைத்திருந்தார். பிலோமினா என் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

வருவது வரட்டும் என்று டிராயரில் இருந்த பிரிண்ட்டவுட்டை எடுத்து நீட்டினேன். அவர் நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவதான் சார் கண்டுபிடிச்சா. உங்ககிட்டச் சொல்லப் பயப்படுறா."

"நாளைக்கு வரச் சொல்லுங்க. வேற தலைப்புப் பாப்போம்." சந்தா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை ரிஜிஸ்டர்ல எழுதிட்டீகளா?" என்றார்.

"இல்லை சார்."

"எழுதுங்க. கைடு பேரு வேணாம்."

இப்போது நூலக வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு ஏ.சி. விற்பவருக்குத்தான் உதவும். போகிறவரிடம் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வரும் ஒன்றிரண்டும், சந்தாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவருக்கே பிடிக்காததாக இருக்கும். அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.